பணி நிரவல் பட்டியலில் உங்கள் பெயர் வந்தால்: வடசென்னை ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"டீச்சர், உபரி லிஸ்ட்ல உங்க பேரு இருக்கும்மா."

பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுத் தட்டு கழுவிக்கொண்டிருந்த நேரம். தலைமையாசிரியை இதைச் சொன்னபோது நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 11 ஆண்டுகள் ஒரே பள்ளி. நான்கு நாளில் கலந்தாய்வு, மறுநாள் விடுவிப்பு, அதற்கு அடுத்த நாள் வேறொரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. புதுப் பள்ளியில் உட்கார்ந்து பணிப்பதிவேட்டின் நகலைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. பழைய பள்ளியில் நான் சேர்ந்த தேதிக்குப் பதிலாக, மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய தேதியைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். என்னைவிட இரண்டு ஆண்டு இளையவர் அங்கேயே இருந்தார். மேல்முறையீடு கொடுத்தேன். பதில் வரவேயில்லை.

அதற்குப் பிறகு ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி பக்கத்து ஆசிரியர்கள் பலருக்குக் கூட இருந்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான். பணி நிரவலில், அதாவது உபரிப் பணியிடத்தில் இருப்பவரை வேறு பள்ளிக்கு அனுப்புவதில், எதையாவது மாற்ற முடியும் என்றால், அது ஆணை வருவதற்கு முன்னால்தான். ஆணை வந்த பிறகு சண்டை போடுபவர்கள் நிறையப் பேர். மாணவர் எண்ணிக்கையையும் முதுநிலை (பணி மூப்பு) பட்டியலையும் முன்கூட்டியே சரிபார்ப்பவர்கள் மிகக் குறைவு. இந்த வழிகாட்டியில் அந்தச் சரிபார்ப்புக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் வேலை: எந்த வகை ஆணை என்று பாருங்கள்

நாம் விரும்பாமல் வேறு பள்ளிக்குப் போகச் சொன்னால் எல்லாவற்றையும் "டிரான்ஸ்ஃபர்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் அவை ஒன்றல்ல. மாணவர் எண்ணிக்கை குறைந்து பணியிடம் உபரியாகி, அந்தப் பணியிடத்தில் இருப்பவரைத் தேவையுள்ள பள்ளிக்கு அனுப்பினால் அது பணி நிரவல். நிர்வாகக் காரணம் என்று குறிப்பிட்டு அனுப்பினால் நிர்வாக மாறுதல். சம்பளமும் பணியிடமும் பழைய பள்ளியிலேயே இருக்க, வேலை மட்டும் வேறு பள்ளியில் என்றால் மாற்றுப் பணி. புகார் ஒன்றின் பின்னால் வரும் மாறுதல் நான்காவது வகை.

ஆணையின் "பொருள்" வரியையும் "பார்வை" வரியையும் முதலில் படியுங்கள். பார்வை என்பது முந்தைய ஆணைகளைக் குறிப்பிடும் வரி; அதில் பணியாளர் நிர்ணய ஆணை (மாணவர் எண்ணிக்கைப்படி பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்வது) குறிப்பிடப்பட்டிருந்தால் பணி நிரவல் என்று கொள்ளலாம். மாற்றுப் பணி என்றால் உங்கள் கையில் வேறொரு ஆயுதம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 25(2), ஒரு பள்ளியில் நியமிக்கப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை செய்ய வைக்கக் கூடாது என்கிறது. பிரிவு 27இல் உள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை மட்டுமே விலக்கு. வாய்மொழியாக "நாளையிலிருந்து அந்த ஸ்கூலுக்குப் போங்க" என்றால், எழுத்தில் ஆணை கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

உங்கள் அலகு எது?

அலகு என்றால் உங்கள் பணியையும் முதுநிலையையும் கணக்கிடும் நிர்வாகப் பிரிவு. வடசென்னையில் இது குழப்பமான விஷயம். ஒரே தெருவில் மாநகராட்சிப் பள்ளி, பள்ளிக் கல்வித் துறையின் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மூன்றும் இருக்கும். மாநகராட்சி ஆசிரியருக்கு ஆணை மாநகராட்சிக் கல்வித் துறையிலிருந்து வரும். அவருடைய கோப்பு போகும் இடம் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று வரிசை போய், கல்லூரிச் சாலையில் இன்று பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று அழைக்கப்படும் டி.பி.ஐ. வளாகத்தில் முடியும். திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம், மாதவரம் நகராட்சிகள் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தன. அந்தப் பகுதிப் பள்ளிகளில் இருப்பவர்கள் தங்கள் பள்ளி இன்று யார் நிர்வாகத்தில் இருக்கிறது, தங்கள் முதுநிலை எந்த அலகில் கணக்கிடப்படுகிறது என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது. உபரிப் பணியிடத்தை எந்த எல்லைக்குள் நிரவலாம் என்பது அலகைப் பொறுத்தது.

உதவி பெறும் பள்ளி என்றால் வழி வேறு. அங்கே பள்ளி நிர்வாகமும் ஒரு தரப்பு. தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் பொருந்தும். நிர்வாகம் கொடுக்கும் எந்தத் தாளிலும், குறிப்பாகச் "சம்மதம்" என்ற சொல் இருக்கும் தாளில், சங்கத்தில் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எண்ணிக்கை: உங்கள் பணியிடம் உண்மையிலேயே உபரியா?

உபரி என்ற சொல் மனதைக் குத்தும். எனக்குக் குத்தியது. ஆனால் விதிப்படி உபரியாவது பணியிடம். அந்தப் பணியிடம் உபரியா என்பது ஒரு கேள்வி; அப்படியானால் போக வேண்டியவர் நீங்கள்தானா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பணியாளர் நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கைதான் அடிப்படை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை தொடக்கப் பள்ளிக்கு இப்படிச் சொல்கிறது: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை 3; 91 முதல் 120 வரை 4; 121 முதல் 200 வரை 5. 150க்கு மேல் போனால் ஐந்து ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமையாசிரியர். 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். அதோடு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தலா ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். பணியாளர் நிர்ணயச் செயல்முறைகளில் 29.12.1997 தேதியிட்ட அரசாணை எண் 525ஐ அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அதன் நகலையும், அந்த ஆண்டின் இயக்குநர் செயல்முறைகளையும் (இயக்குநர் அனுப்பும் நடைமுறை ஆணை) சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அட்டவணையைக் கவனியுங்கள். 91 பிள்ளைகள் என்றால் நான்கு ஆசிரியர்கள். 90 என்றால் மூன்று. ஒரே ஒரு குழந்தை! அந்த ஒரு குழந்தை ஜூலை மாதம் டி.சி. வாங்கிக்கொண்டு போனதா, அல்லது பள்ளிக்கு வந்துகொண்டே இருந்தும் எமிஸில் (கல்வித் துறையின் இணையவழிப் பதிவு) ஏறாமல் போனதா என்பதில்தான் ஓர் ஆசிரியரின் இடம் இருக்கிறது.

எமிஸ் சிக்கல் எங்கள் பகுதியில் அதிகம். வீடு மாறுகிற குடும்பங்கள் நிறைய. காசிமேட்டிலிருந்து எண்ணூருக்குப் போவார்கள், வியாசர்பாடியிலிருந்து புழல் பக்கம் போவார்கள். பழைய பள்ளி அந்தக் குழந்தையின் பெயரை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு (வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியல்) விடாமல் வைத்திருந்தால், புதுப் பள்ளியில் குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், கணக்கில் இருக்காது. ஜூன் மாதமே வகுப்புவாரியாக வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஏறாத பெயர்களைத் தனித்தாளில் எழுதி, பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் போனில் பேசி விடுவிக்கச் சொல்லுங்கள். நேரில் போனால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அப்புறம், குடியிருப்பு இடிப்பு. வடசென்னையில் பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும்போது அந்தக் குடும்பங்கள் ஓரிரு ஆண்டுகள் வாடகைக்கு வேறு பகுதிகளில் சிதறிப் போகின்றன. பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று நிரந்தரமாகப் போனவர்களும் உண்டு. பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் எண்ணிக்கை சட்டென்று விழும். வீடு கட்டி முடித்து மக்கள் திரும்பும்போது ஆசிரியர் பணியிடம் திரும்ப வருமா என்றால், அவ்வளவு எளிதில் வராது. உங்கள் பள்ளி இப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், இந்தக் குறைவு தற்காலிகமானது என்று காரணத்தோடு தலைமையாசிரியர் வழியாக ஜூலையிலேயே கடிதம் அனுப்புங்கள். எந்தக் குடியிருப்பு, எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தை இணைத்தால் கடிதத்துக்குப் பலம் கூடும். எப்போதும் பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதாத காரணத்தை எந்த அதிகாரியும் கோப்பில் தேடிப் பார்க்கப் போவதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வராத பிள்ளையின் பெயரை ஏற்றாதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஆய்வில் பிடிபட்டால் போவது பணியிடம் மட்டுமல்ல, உங்கள் வேலையும்தான். அதைவிட, உண்மையிலேயே ஆசிரியர் இல்லாமல் தவிக்கும் பள்ளிக்குப் போக வேண்டிய ஒருவரை நாம் தடுத்துவிடுகிறோம். பணி நிரவலே தவறு என்று நான் நினைக்கவில்லை. ஒரு பள்ளியில் 40 பிள்ளைக்கு நான்கு பேரும், இன்னொன்றில் 100 பிள்ளைக்கு இரண்டு பேரும் இருப்பது நியாயமில்லை. நான் கேட்பதெல்லாம் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான்.

பட்டியல்: போக வேண்டியவர் நீங்கள்தானா?

பொதுவான நடைமுறை, இளையவர் போக வேண்டும் என்பது. ஆனால் எதில் இளையவர்? அந்தப் பள்ளியில் சேர்ந்த தேதியிலா, அந்தப் பதவியில் சேர்ந்த தேதியிலா, மொத்தப் பணிக்காலத்திலா? தகராறு வருவது இங்கேதான். அந்த ஆண்டுச் செயல்முறைகளில் எந்தத் தேதி என்று எழுதியிருக்கும் பத்தியைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். வாய்வழிச் செய்தியை நம்பாதீர்கள்; சென்ற ஆண்டு ஒருவருக்கு நடந்தது இந்த ஆண்டு உங்களுக்கு விதியாகாது.

தொடக்கக் கல்வித் துறையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 21.12.2023 அன்று வந்த அரசாணை எண் 243, ஊராட்சி ஒன்றிய அளவிலிருந்த முதுநிலையை மாநில அளவுக்கு மாற்றியது. ஆசிரியர் சங்கங்கள் பல அதை எதிர்த்துப் போராடின. அந்த மாநில முதுநிலையும், ஒரு பள்ளிக்குள் யார் இளையவர் என்று பார்க்கும் உபரிப் பட்டியலும் வேறு வேறு கணக்கு. இரண்டையும் குழப்பி எழுதிய ஆட்சேபணை மனுக்களை நானே பார்த்திருக்கிறேன். அவை முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

பட்டதாரி ஆசிரியர்களுக்குக் கணக்கு பாடவாரியாகப் போகும். நீங்கள் எந்தப் பாடத்துக்கு நியமிக்கப்பட்டீர்கள் என்பதே செல்லும். ஆங்கிலத்துக்கு நியமனமாகி, ஆள் இல்லாததால் ஆறு ஆண்டு சமூக அறிவியல் நடத்தியிருந்தாலும் கணக்கில் நீங்கள் ஆங்கில ஆசிரியர்தான். எமிஸில் உங்கள் பாடம் என்னவாக இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

பணிப்பதிவேட்டில் பார்க்க வேண்டிய இடங்கள்: நியமன ஆணையின் நாள், இந்தப் பள்ளியில் பணியேற்ற நாளும் அது முற்பகலா பிற்பகலா என்பதும், பதவி உயர்வு நாள், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பிய பதிவுகள். என்னைக் கவிழ்த்தது கடைசியில் சொன்னது. இரண்டு பேர் ஒரே நாளில் சேர்ந்திருந்தால் முற்பகல், பிற்பகல்கூட விவாதமாகும். தேதி தவறு என்றால் அதற்கான ஆதாரத்தின் நகலை இப்போதே எடுத்து வையுங்கள்.

விலக்கு பற்றிச் சுருக்கமாக. மாற்றுத்திறனாளிகள், புற்றுநோய், சிறுநீரகச் சிகிச்சை, இதய அறுவை சிகிச்சை போன்ற காரணங்கள் அந்த ஆண்டுச் செயல்முறைகளில் விலக்காக உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவச் சான்று நடப்பு நிலவரப்படி இருக்க வேண்டும். அதே பள்ளியில் மூத்தவர் ஒருவர் தாமாகப் போக விரும்பினால் அதை ஏற்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்கு அருகில் இடம் கிடைத்தால் போகத் தயாராக இருக்கும் சீனியர்கள் உண்டு. அவர்களிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆட்சேபணை: அன்றைக்கே, எழுத்தில்

பட்டியல் வெளியாகி கலந்தாய்வு நடக்கும் வரை உள்ள சில நாட்களே உங்கள் நேரம். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். குடும்பக் கஷ்டத்தை முதலில் எழுதுவது நம் பழக்கம். அது கடைசிப் பத்தியில் வரட்டும், முதலில் தவறு வரட்டும். இப்படி:

"உபரிப் பட்டியலில் வரிசை எண் ___இல் எனது பெயர் உள்ளது. அதில் இப்பள்ளியில் பணியேற்ற நாள் ___ எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. பணிப்பதிவேடு பக்கம் ___இன்படி சரியான நாள் ___. இதே பள்ளியில் எனக்குப் பின் பணியேற்றவர் உள்ளதால், பட்டியலைத் திருத்தி வெளியிட்ட பின்னரே கலந்தாய்வு நடத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

தலைமையாசிரியர் வழியாக ஒன்று, நேரடியாக முன்நகல் ஒன்று. இரண்டுக்கும் அலுவலக முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகை வாங்குங்கள். தபால் பிரிவில் "வெச்சிட்டுப் போங்க" என்றால் நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒப்புகை தரவில்லை என்றால் அன்றே விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்).

கலந்தாய்வு

ஆட்சேபணை கொடுத்தாயிற்று என்று கலந்தாய்வுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகாதவருக்கு மீதம் இருக்கும் இடம்தான் கிடைக்கும். பொது மாறுதல் கலந்தாய்வு அதே காலத்தில் வந்தால் அதற்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

காலிப் பணியிடப் பட்டியலை வைத்துக்கொண்டு, உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்து பேர் முன்னால் இருந்தால் ஆறு பள்ளிகளாவது மனதில் வரிசையாக இருக்க வேண்டும். வரைபடத்தில் தூரம் பார்க்காதீர்கள், காலை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வடசென்னையில் கிலோமீட்டர் பொய் சொல்லும். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் பக்கத்தில்தான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் கத்திவாக்கம், எண்ணூர் என்று தண்டவாளத்தை ஒட்டிய பள்ளிகளுக்கும் போய்விடலாம். மணலி அப்படியல்ல. ரயிலும் மெட்ரோவும் இல்லை. கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் பேருந்தானாலும் ஸ்கூட்டியானாலும் ஒன்றுதான். லாரிகளுக்கு நடுவில் தினமும் ஸ்கூட்டி ஓட்டப்போவது நீங்கள் என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எவ்வளவு நேரம் என்று அந்தப் பகுதிக்காரரிடம் கேளுங்கள்.

புதுப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையையும் பாருங்கள். விளிம்பில் இருக்கும் பள்ளிக்குப் போனால் அங்கே நீங்கள்தான் இளையவர். அடுத்த ஆகஸ்டில் மறுபடியும் உங்கள் பெயரே வரும். இரண்டு ஆண்டில் இரண்டு முறை மாறிய ஓர் ஆசிரியையை எனக்குத் தெரியும். சற்றுத் தள்ளி இருந்தாலும் பிள்ளைகள் நிறைந்த பள்ளி நல்லது. பணியிடம் மாநகர எல்லைக்கு வெளியே போனால் வீட்டு வாடகைப்படி மாறக்கூடும். அதையும் கணக்கில் சேருங்கள்.

விடுவிப்பும் பணியேற்பும்

ஆணை கையில் வந்ததும் மருத்துவ விடுப்பில் போய்விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உண்மையான உடல்நலக் காரணம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். சம்பளம் நிற்கும், வழக்கு பலவீனமாகும். பணியேற்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: "எனது ___ தேதியிட்ட மேல்முறையீட்டு உரிமைக்குப் பாதகமின்றிப் பணியேற்கிறேன்." விடுவிப்பு ஆணை, கடைசி ஊதியச் சான்று, விடுப்புக் கணக்கு, பொறுப்பில் இருந்த பொருட்களை ஒப்படைத்த பட்டியல், எல்லாவற்றிலும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். எமிஸிலும் களஞ்சியத்திலும் (சம்பளம் போடும் அரசு இணையதளம்) பள்ளி மாறியதா என்று அந்த வாரமே பாருங்கள். மாறாவிட்டால் மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்காது.

மேல்முறையீடு, தகவல் உரிமை, நீதிமன்றம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆகஸ்ட் 1 வகுப்புவாரி எண்ணிக்கை, பணியாளர் நிர்ணய ஆணை, உங்கள் பள்ளியின் உபரிப் பட்டியல், அதற்குப் பின்பற்றிய செயல்முறைகளின் நகல் ஆகிய நான்கையும் கேளுங்கள். "ஏன் என்னை மாற்றினீர்கள்" என்று கேட்டால் பதில் வராது; ஆவணம் கேட்டால் வரும்.

மாறுதல் வழக்குகளில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. பீகார் ஆசிரியைகள் சம்பந்தப்பட்ட ஷில்பி போஸ் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், கட்டாய விதியை மீறியிருந்தாலோ தீய நோக்கம் இருந்தாலோ தவிர மாறுதல் ஆணையில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்றது. 1993இல் எஸ்.எல். அப்பாஸ் வழக்கில், அரசின் மாறுதல் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டத்தின் பலம் இல்லை என்றது. மறுபக்கம், 2008இல் சோமேஷ் திவாரி வழக்கில், ஆதாரமற்ற அநாமதேயப் புகாரை வைத்துத் தண்டனைக்குப் பதிலாக மாறுதல் செய்வது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆக, பாரிமுனையிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போய் அரசியல் சட்டப் பிரிவு 226இன்கீழ் ரிட் மனு போடுவதற்கு முன் உங்களிடம் இருக்க வேண்டியது எண்ணிக்கைத் தவறுக்கோ முதுநிலைத் தவறுக்கோ எழுத்து ஆதாரம். "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து ஆணையிடுக" என்ற உத்தரவோடு பல வழக்குகள் முடியும். அப்படி முடிந்தாலும் உங்கள் ஆட்சேபணை மனு நன்றாக எழுதப்பட்டிருந்தால் அதிகாரி அதற்குக் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். வக்கீலிடம் போகும் நாளில் ஒப்புகை முத்திரை உள்ள நகல்தான் முதலில் கேட்கப்படும்.

போகும் முன்

விடுவிப்புக்கு முந்தைய இரவு ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அரைப் பக்கம். யாருக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை, யாருக்குக் கழித்தலில் கடன் வாங்குவது பிடிபடவில்லை, யாருடைய அப்பா கடலுக்குப் போனால் பத்து நாள் பாட்டி வீட்டிலிருந்து வரும், யாருக்குக் காது மந்தம் என்று முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். எமிஸில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. நான் அந்த நோட்டை எழுதாமல் வந்துவிட்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியாது, கண்ணாடிக்கு ஏற்பாடு செய்வதாக அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். எனக்குப் பிறகு வந்தவருக்கு அது தெரிய அரையாண்டுத் தேர்வு வரை ஆயிற்று.